பிரவுசர் வேகம்: எதை மாற்றலாம், எதைத் தொடாமல் விடலாம்

தங்கச்சிமடத்தில் இ-சேவையும் ஜெராக்ஸும் சேர்த்து நடத்திவரும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. கடையில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது, வேகச் சோதனையில் 40 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 40 மெகாபிட்) காட்டுகிறது, ஆனாலும் குரோமில் ஒரு பக்கம் திறக்க அரை நிமிடம் ஆகிறது, வரிசையில் நிற்பவர்கள் பொறுமை இழக்கிறார்கள். தினமும் கேச்சை (பிரவுசர் கணினியில் சேமித்து வைக்கும் கோப்புகளை) அழிக்கும்படி நண்பர் ஒருவர் சொல்கிறார். ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறி அதன் உள்ளே சில எண்களைக் கூட்டி வைத்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று இன்னொருவர் சொல்கிறார். இதில் எதைச் செய்வது என்பதே அவருடைய கேள்வி. தொண்டியிலிருந்து கீழக்கரை வரை, அந்தப் பக்கம் பாம்பன் தாண்டி இராமேசுவரம் வரை, கடைகளிலும் பள்ளிகளிலும் கணினியும் நெட்வொர்க்கும் சரிபார்ப்பதே பல ஆண்டுகளாக என் பிழைப்பு என்பதால், கையால் செய்து பார்த்தவற்றை மட்டும் வைத்து விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் ஒரு காரணத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். ‘நாம் நாட்டின் கடைக்கோடியில் இருக்கிறோம், அதனால்தான் நெட் இழுக்கிறது’ என்பார்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. இராமேசுவரத்திலிருந்து சென்னைக்கு 600 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு தடவை போவதற்கு 3 மில்லி விநாடி, போய்வர 6 மில்லி விநாடி. வழியில் உள்ள கருவிகள் சேர்க்கும் தாமதத்தைக் கூட்டினாலும் அரை நிமிடக் கணக்கு வரவே வராது. உண்மையில் நேரத்தைத் தின்பது, ஒரு பக்கத்துக்காக பிரவுசர் எத்தனை முறை போய்வர வேண்டியிருக்கிறது என்பதும், வந்து சேர்ந்ததைப் படித்துத் திரையில் வரைந்து முடிக்க உங்கள் கணினிக்கு எவ்வளவு தெம்பு இருக்கிறது என்பதும்தான். புதிதாக ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைக் கேட்டுவர ஒரு நடை, சர்வரோடு (தளத்தை வைத்திருக்கும் கணினியோடு) தொடர்பைத் திறக்க ஒரு நடை, பூட்டுப் போட்ட பாதுகாப்பான வழியை அமைக்க ஒரு நடை (பழைய முறையில் இரண்டு நடை), அதன் பிறகே பக்கத்தைக் கேட்கும் நடை. அந்தப் பக்கத்துக்குள் விளம்பரமும் கண்காணிப்புக் குறியீடும் எழுத்துருவும் இருபது இடங்களிலிருந்து வருமானால், ஒவ்வோர் இடத்துக்கும் இதே கதை மறுபடி நடக்கிறது. வேகச் சோதனையோ ஒரே ஒரு சர்வரிடமிருந்து பெரிய கோப்பை இழுத்துக் காட்டுகிறது. இந்த நடைகளை அது எண்ணுவதில்லை. 40 எம்.பி.பி.எஸ். காட்டியும் பக்கம் திறக்கத் தாமதமாவதற்கு அதுவே விளக்கம்.

ஆகையால் எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன்பு, தாமதம் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்துவிடுங்கள். இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை. குரோமில் எஃப்12 விசையை அழுத்தினால் டெவலப்பர் டூல்ஸ் திறக்கும். அதில் ‘நெட்வொர்க்’ என்ற பகுதிக்குப் போய், பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். ஒவ்வொரு கோப்பும் ஒரு வரியாக இறங்கும். முதல் வரியைத் தொட்டு ‘டைமிங்’ என்பதைத் திறந்தால், நேரம் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டப்படும். ‘டி.என்.எஸ். லுக்அப்’ என்பது பெயரைத் தேடிய நேரம். ‘இனிஷியல் கனெக்‌ஷன்’ என்பது தொடர்பு திறந்த நேரம். ‘வெயிட்டிங் ஃபார் சர்வர் ரெஸ்பான்ஸ்’ என்பது எதிர்முனையின் பதிலுக்குக் காத்திருந்த நேரம். ‘கன்டென்ட் டவுன்லோட்’ என்பது சரக்கு இறங்கிய நேரம். சர்வரின் பதிலுக்குக் காத்திருந்த நேரம் மட்டும் 15 நொடி என்று காட்டி, மற்றத் தளங்களுக்கு அது சில நூறு மில்லி விநாடியாகவே இருந்தால், பெரும்பாலும் திணறுவது அந்தத் தளத்தின் சர்வர்தான். காலை பத்தரை மணிக்கு மாவட்டம் முழுவதும் ஒரே வகைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது சில தளங்கள் அப்படித்தான் ஆகும். அங்கே உங்கள் பிரவுசரில் எதை மாற்றினாலும் பயன் இல்லை. அந்த வேலையை மதியத்துக்கோ மாலைக்கோ தள்ளி வைப்பதே வழி. எல்லாத் துண்டுகளும் சிறிதாக இருந்தும் பக்கம் திரையில் தெரிய நேரமாகிறது என்றால், தாமதம் உங்கள் கணினிக்குள் இருக்கிறது. அதைத்தான் நாம் சரிசெய்ய முடியும், அதுவும் முழுமையாக முடியும்.

இந்த நெட்வொர்க் பகுதியில் ‘டிஸேபிள் கேச்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். டூல்ஸ் திறந்திருக்கும் வரை ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாக இறக்கி, அளவையே தவறாகக் காட்டும்.

சென்ற கோடையில் மீன்பிடித் தடைக்காலத்தின்போது மண்டபம் பக்கம் இதே மாதிரி ஒரு கடையில் உட்கார்ந்திருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் காலம் அது என்பதால், கரையில் இருப்பவர்கள் கிடப்பில் போட்ட காகித வேலைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிடுவார்கள். கணினியில் குரோமைத் திறந்து, ஷிஃப்ட் விசையோடு எஸ்கேப்பை அழுத்தினேன். குரோமுக்குள்ளேயே இருக்கும் டாஸ்க் மேனேஜர் திறந்தது. எந்த டேப் எவ்வளவு ரேம் எடுக்கிறது, எது பிராசஸரை உழைக்க வைக்கிறது என்று வரிவரியாகக் காட்டும் பட்டியல் அது. திறந்திருந்த டேப்கள் நான்கே நான்கு. அதற்குக் கீழே எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரோடு சேர்த்துப் போடும் சிறு நிரல்கள்) பதினொன்று! தமிழ்த் தட்டச்சுக்கு மூன்று, பி.டி.எஃப். மாற்றுவதற்கு இரண்டு, கூப்பன் தேடுவது ஒன்று, வீடியோ இறக்குவது இரண்டு, மற்றவை யார் எப்போது போட்டார்கள் என்று கடைக்காரருக்கே நினைவில்லை. அவற்றில் ஒன்று, எந்தப் பக்கமும் திறக்காத நேரத்திலும் பிராசஸரில் கால் பங்கை விடாமல் பிடித்து வைத்திருந்தது. தமிழ்த் தட்டச்சுக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற பத்தையும் நீக்கினோம். வேறு எதையும் தொடாமலேயே, 20 நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்த பக்கம் 5 நொடிக்குள் வந்து நின்றது.

எக்ஸ்டென்ஷன் விஷயத்தில் வேகத்தைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ‘எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ என்ற அனுமதியை வாங்கிக்கொண்ட எக்ஸ்டென்ஷன், நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் தன் குறியீட்டை நுழைக்க முடியும். பக்கம் மெதுவாவதற்கு அது ஒரு காரணம் என்றால், உங்கள் கடையில் ஊர் மக்கள் நம்பிக் கொடுக்கும் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் அதே குறியீடு பார்க்க முடியும் என்பது மற்றொன்று. இ-சேவை நடத்துகிறவர் இதை அலட்சியமாக விடக்கூடாது. எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்குப் போய், பெயர் தெரியாதவற்றை முழுமையாக நீக்குங்கள். அணைத்து மட்டும் வைக்காதீர்கள். எப்போதாவது மட்டும் தேவைப்படுவதை, ‘சைட் ஆக்சஸ்’ என்ற இடத்தில் ‘கிளிக் செய்யும்போது மட்டும்’ என்று மாற்றி வைக்கலாம்.

அடுத்தது டேப்கள். 4 ஜி.பி. ரேம் உள்ள கணினியில் முப்பது டேப் திறந்து வைத்தால், ரேம் நிரம்பி, மிச்சத்தை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். அதன் பிறகு மவுஸ் நகர்வதே கனமாகிவிடும். குரோமின் அமைப்புகளில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற பகுதியில் ‘மெமரி சேவர்’ இருக்கிறது. இதை இயக்கினால், கொஞ்ச நேரம் பார்க்கப்படாத டேப்களை அது ரேமிலிருந்து இறக்கி வைத்துவிடும். திரும்பப் போய்த் தொட்டால் மறுபடி ஏற்றும். எட்ஜில் இதுபோன்ற வசதியை ‘ஸ்லீப்பிங் டேப்ஸ்’ என்கிறார்கள். பாதி நிரப்பிய படிவம் உள்ள டேப்பை மெமரி சேவர் பொதுவாக இறக்காது என்றாலும், லாகின் செய்து வைத்திருக்கும் சேவைத் தளங்களின் முகவரியை, எப்போதும் இயக்கத்தில் வைக்க வேண்டிய தளங்கள் என்று அங்கேயே இருக்கும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஓ.டி.பி. வாங்கி உள்ளே போன பிறகு பக்கம் மறுபடி ஏறி வெளியே தள்ளிவிட்டால், எதிரில் நிற்கும் பெரியவர் அந்த எண்ணுக்காகப் பேரனுக்கு இன்னொரு முறை போன் போட வேண்டியிருக்கும்.

விளம்பரத் தடுப்பான் ஒன்றை முறையாகப் போடுவது, நான் அறிந்தவரை, செய்திகளும் தகவல்களும் படிக்கும் தளங்களில் மிகப் பெரிய வேக வித்தியாசத்தைக் கொடுக்கிறது. மேலே சொன்ன அந்த இருபது இடங்களின் நடையைத் தொடங்கும் முன்பே அது நிறுத்திவிடுகிறது. டேட்டாவும் மிச்சம், பிராசஸருக்கும் ஓய்வு. ஃபயர்ஃபாக்ஸில் ‘யூபிளாக் ஆரிஜின்’ முழுமையாக வேலை செய்கிறது. குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றிவிட்டதால், அங்கே அதன் சிறிய வடிவமான ‘யூபிளாக் ஆரிஜின் லைட்’ என்பதைப் போட வேண்டும். இதே பெயர் போலத் தோன்றும் போலிகள் உலவுகின்றன. ஆகவே அந்தந்த பிரவுசரின் அதிகாரபூர்வக் கடையில் மட்டுமே எடுங்கள். எக்ஸ்டென்ஷனே வேண்டாம் என்றால், ஃபயர்ஃபாக்ஸின் கண்காணிப்புத் தடுப்பை ‘ஸ்ட்ரிக்ட்’ நிலையில் வைத்தாலே பாதிப் பலன் கிடைக்கும். பணம் செலுத்தும் பக்கமோ அரசுப் படிவமோ இதனால் சிக்கினால், அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பானை நிறுத்தி வையுங்கள். நீங்கள் விரும்பிப் படிக்கும் சிறிய தமிழ்த் தளங்கள் இருந்தால் அவற்றுக்கும் விலக்குக் கொடுங்கள். பலருக்கு அந்த விளம்பர வருமானம்தான் தளம் நடத்தும் செலவுக்கு ஆகிறது.

இனி உங்கள் நண்பர் சொன்ன கேச் விஷயம். இதில்தான் மிகப் பலர் தவறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கேச் என்பது, ஒருமுறை இறக்கிய படம், எழுத்துரு, பக்க வடிவமைப்புக் கோப்பு ஆகியவற்றை பிரவுசர் உங்கள் கணினியிலேயே சேமித்து வைக்கும் இடம். மறுநாள் அதே தளத்தைத் திறக்கும்போது, மாறாத சரக்கை அங்கிருந்தே எடுத்துக்கொண்டு, மாறியதை மட்டும் வெளியிலிருந்து வரவழைக்கும். வீட்டில் கருவாடு காயவைத்து எடுத்து வைத்திருக்கும்போது அதைக் கொட்டிவிட்டு ஒவ்வொரு வேளைக்கும் கரைக்கு ஓடுவது எப்படியோ, அப்படித்தான் தினமும் கேச்சை அழிப்பது. உங்கள் கடையில் ஒரு நாளில் திறக்கப்படுவது பெரும்பாலும் அதே பத்துப் பன்னிரண்டு தளங்கள். கேச் அதிகப் பயன் தருவதே இப்படிப்பட்ட இடத்தில்தான். இரவில் கணினியைச் ‘சுத்தம்’ செய்வதாகச் சொல்லும் கிளீனர் மென்பொருள்கள், பெரும்பாலும் இந்தச் சேமிப்பைத் துடைத்துவிட்டு இவ்வளவு மெகாபைட் மீட்டோம் என்று காட்டுகின்றன. மறுநாள் காலை முதல் பத்து வாடிக்கையாளர்களின் நேரத்தில்தான் அந்த மெகாபைட்டுகள் திரும்ப இறங்குகின்றன. குக்கீகளையும் (நீங்கள் லாகின் செய்திருப்பதை நினைவில் வைக்கும் சிறு குறிப்புகளையும்) சேர்த்து அழித்தால் எல்லாத் தளங்களிலும் லாகின் போய்விடும். மறுபடி கடவுச்சொல், மறுபடி ஓ.டி.பி.

கேச்சை அழிக்க வேண்டிய நேரமும் இருக்கிறது. ஒரு தளம் பழைய தகவலையே காட்டிக்கொண்டிருந்தாலோ, லாகின் செய்தால் திரும்பத் திரும்ப அதே இடத்தில் கொண்டுவந்து விட்டாலோ, முதலில் கண்ட்ரோல் விசையோடு எஃப்5 அழுத்தி அந்த ஒரு பக்கத்தை மட்டும் புதிதாக இறக்கிப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால், முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள சின்னத்தைத் தொட்டு, அந்தத் தளத்தின் குக்கீகளையும் தரவையும் மட்டும் நீக்குங்கள். ஒரு தளத்துக்காக எல்லாவற்றையும் அழிக்கத் தேவையில்லை.

‘வாடிக்கையாளர்களின் விவரம் கணினியில் தங்கிவிடாதா, அதற்காகவாவது அழிக்க வேண்டாமா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதற்கு வேறு நல்ல வழி இருக்கிறது. கடையின் அன்றாட வேலைக்கு ஒரு குரோம் புரொஃபைலை வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் தம் சொந்த மின்னஞ்சலையோ வங்கிக் கணக்கையோ திறக்க வேண்டியிருந்தால் ‘கெஸ்ட்’ சாளரத்தில் திறந்து கொடுங்கள். கெஸ்ட் சாளரங்களை மூடியதும் அங்கே பார்த்ததன் வரலாறும் குக்கீயும் தானாகப் போய்விடும். இறக்கிய கோப்புகளை மட்டும் நீங்களே கையால் நீக்க வேண்டும். கடைப் புரொஃபைலில் கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்கும் வசதியையும், படிவத்தைத் தானாக நிரப்பும் வசதியையும் அணைத்து வையுங்கள். இப்படிச் செய்தால் கேச்சின் வேகமும் உங்களுக்குக் கிடைக்கும், ஒருவருடைய விவரம் அடுத்தவர் கண்ணில் படவும் படாது.

இரண்டாவது நண்பர் சொன்ன எண்கள் எவை என்று எனக்குத் தெரியும். ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் ‘அபவுட் கான்ஃபிக்’ என்று தட்டினால் திறக்கும் பட்டியலில், ‘பைப்லைனிங்’ என்பதை இயக்கி, ஒரு சர்வரோடு வைக்கும் தொடர்புகளின் எண்ணிக்கையை 6-இலிருந்து 20, 30 என்று கூட்டச் சொல்லும் குறிப்பு அது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு அதில் ஓரளவு பொருள் இருந்தது. பைப்லைனிங் வசதியையே ஃபயர்ஃபாக்ஸ் 2017-இல் நீக்கிவிட்டது. இன்று அந்தப் பெயரில் ஒரு வரியை நீங்களே உருவாக்கி வைத்தாலும் அதைப் படிக்க உள்ளே எதுவும் இல்லை. தொடர்புகளின் எண்ணிக்கை முக்கியமாக இருந்ததும், ஒரு தொடர்பில் ஒரு நேரத்தில் ஒரு கோப்பு மட்டுமே வர முடிந்த காலத்தில்தான். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைதான் எச்.டி.டி.பி. 2015-இல் தரப்படுத்தப்பட்ட எச்.டி.டி.பி. 2 முறையில், ஒரே தொடர்பில் பல கோப்புகள் ஒன்றோடொன்று கலந்து ஓடிவருகின்றன. 2022-இல் தரப்படுத்தப்பட்ட எச்.டி.டி.பி. 3 முறை இன்னும் ஒரு படி மேலே போய், தொடர்பு திறப்பதையும் பூட்டுப் போடுவதையும் ஒரே நடையில் முடிக்கிறது. வழியில் ஒரு கோப்பின் துண்டு தொலைந்தால் மற்றக் கோப்புகள் அதற்காகக் காத்து நிற்பதும் இல்லை. சிக்னல் விட்டு விட்டு வரும் நம் கடற்கரையில் அது உண்மையான உதவி. இவை எல்லாம் புதிய பிரவுசரில் தாமாகவே இயங்குகின்றன. நீங்கள் செய்ய வேண்டியது பிரவுசரைப் புதுப்பித்து வைப்பது மட்டுமே. விண்டோஸ் 7, 8.1 உள்ள கணினிகளுக்கு 2023-இல் வந்த 109-ஆம் பதிப்போடு குரோம் நின்றுவிட்டது. உங்களுடையது அப்படிப்பட்டதாக இருந்தால், வேகத்துக்காக இல்லாவிட்டாலும் பாதுகாப்புக்காகவே அதை மாற்றியாக வேண்டும். விண்டோஸ் ‘20 சதவீத வேகத்தை ஒதுக்கி வைக்கிறது’ என்று சொல்லி ஒரு அமைப்பை மாற்றச் சொல்லும் குறிப்பும் இதே வகைதான். அதைத் தேடிப் போகாதீர்கள்.

தளத்தின் பெயருக்கு எண் முகவரி சொல்லும் சேவையான டி.என்.எஸ்.ஸை மாற்றுவது பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2009-இல் கூகுள் தந்த 8.8.8.8, 2018-இல் கிளவுட்ஃபிளேர் தந்த 1.1.1.1 ஆகியவை எல்லோரும் அறிந்தவை. நெட்வொர்க் பகுதியில் ‘டி.என்.எஸ். லுக்அப்’ நேரம் திரும்பத் திரும்ப 100 மில்லி விநாடிக்கு மேல் காட்டினால் மாற்றிப் பாருங்கள். குரோமில் ‘செக்யூரிட்டி’ பகுதியில் ‘யூஸ் செக்யூர் டி.என்.எஸ்.’ என்ற இடத்திலேயே தேர்ந்தெடுக்கலாம். 10, 20 மில்லி விநாடி காட்டினால் அப்படியே விடுங்கள். பெயரைத் தேடும் நடை முதல் தடவை மட்டும்தான்; விடையை பிரவுசரும் கணினியும் சில நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு: பெரிய வீடியோ தளங்கள் உங்கள் இணைப்பு நிறுவனத்துக்குள்ளேயே பிரதிகளை வைத்திருப்பது வழக்கம். வெளியார் டி.என்.எஸ். சில நேரம் அருகில் உள்ள அந்தப் பிரதிக்கு வழி காட்டாமல் தூரத்துப் பிரதிக்கு அனுப்பிவிடும். மாற்றிய பிறகு வீடியோ தடுமாறினால் பழையபடி வைத்துவிடுங்கள்.

இதைவிட நம் பக்கத்தில் நான் அடிக்கடி காணும் காரணம், அணைக்க மறந்த வி.பி.என். (உங்கள் இணைப்பை வேறோர் ஊரின் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் மென்பொருள்). கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களின் லேப்டாப்பும் போனும் கைக்கு வரும்போது முதலில் இதைத்தான் பார்ப்பேன். அங்கே வீட்டாரோடு வீடியோவில் பேசுவதற்காகப் போட்டது, ஊருக்கு வந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வி.பி.என். சர்வர் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து நேர்க்கோட்டிலேயே ஏறத்தாழ 8000 கிலோமீட்டர். போய்வர ஒளிக்கே குறைந்தது 80 மில்லி விநாடி. கடலடிக் கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் அதைவிட அதிகம். நான்கு நடை என்றால் பக்கத்தின் முதல் எழுத்து வருவதற்கு முன்பே அரை நொடிபோல் போய்விடும். பக்கத்துத் தெரு ரேஷன் கார்டு விவரத்தைப் பார்க்க ஐரோப்பா வரை போய்வந்து கொண்டிருப்போம்! அதைத் துண்டித்துவிட்டு, விண்டோஸ் அமைப்புகளில் ‘ப்ராக்ஸி’ (இடையில் நின்று பக்கங்களைக் கடத்தும் சர்வர்) பகுதியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். முன்பு எதுவோ போட்டுவைத்த ப்ராக்ஸி முகவரி அங்கே இருந்தால் எடுத்துவிடுங்கள். ‘தானாகக் கண்டறி’ என்பது இயக்கத்தில் இருந்தால், பிரவுசரைத் திறந்ததும் முதல் பக்கம் மட்டும் சில நொடி தயங்குவதற்கு அது காரணமாக இருக்கலாம். கடையில் ப்ராக்ஸி எதுவும் இல்லை என்றால் அதை அணைக்கலாம்.

குரோமில் ‘ப்ரீலோட் பேஜஸ்’ என்ற வசதி, நீங்கள் அடுத்துத் தொடக்கூடும் என்று நினைக்கும் பக்கத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கிறது. ஃபைபர் உள்ள கடையில் ‘ஸ்டாண்டர்டு’ நிலையில் விடுங்கள். மின்சாரம் போய், போனின் ஹாட்ஸ்பாட்டில் கடையை ஓட்டும்போது அதை அணைத்துவிடுங்கள். இருக்கிற கொஞ்ச வேகத்தையும், தொடாத பக்கத்துக்காக அது பங்கு போட்டுக்கொள்ளும்.

இராமேசுவரத்தில் ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் வரும்போது, அக்னி தீர்த்தக் கரையில் கூடும் கூட்டம் முழுவதும் அதே சில டவர்களைத்தான் பங்கிட்டுக்கொள்கிறது. அன்றைக்கு மொபைல் டேட்டாவை நம்பி வேலை செய்தே ஆக வேண்டும் என்றால், படங்களை நிறுத்தி வைப்பதுதான் உருப்படியான ஒரே வழி. கணினியில் குரோமின் ‘சைட் செட்டிங்ஸ்’ பகுதியில் ‘இமேஜஸ்’ என்பதற்குப் போய், தளங்கள் படம் காட்ட வேண்டாம் என்று வைக்கலாம். எதிரில் இருப்பது மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ச்சா எழுத்துகளும் படம்தான் என்பதை மட்டும் மறக்காதீர்கள். விண்ணப்பத் தளங்களின் முகவரியை அங்கேயே விலக்குப் பட்டியலில் சேர்க்காவிட்டால், கேப்ச்சா இருக்க வேண்டிய இடம் வெறுமையாக நிற்கும்.

போனைப் பொறுத்தவரை, குரோமில் முன்பு இருந்த டேட்டா சேமிக்கும் ‘லைட் மோட்’ 2022 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள் விட்டுவிடலாம். ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டு அதில் யூபிளாக் ஆரிஜினைச் சேர்த்துக்கொள்வது இப்போதைக்கு நல்ல மாற்று. சிக்னல் ஒரு கோடு மட்டும் உள்ள கரையோரத்தில் காற்று நிலவரமோ செய்தியோ பார்க்க, ‘ஓபரா மினி’ பக்கத்தைத் தன் சர்வரில் சுருக்கி அனுப்புவதால் சீக்கிரம் வரும். பக்கம் அவர்களுடைய சர்வர் வழியாக வருவதால், வங்கி வேலைக்கு அதைப் பயன்படுத்துவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மற்றவை சிறியவை. ‘சிஸ்டம்’ பகுதியில், குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓட அனுமதிக்கும் வசதியை அணையுங்கள். அதே இடத்தில் இருக்கும் ‘கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன்’ பொதுவாக இயக்கத்தில் இருப்பது நல்லது. பழைய கணினியில் உருட்டும்போது திரை உறைந்து நின்றால் மட்டும் அணைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர்கள் தெரியாமல் ‘அலோ’ கொடுத்துவிட்ட நோட்டிஃபிகேஷன் தளங்களை எல்லாம் ஒரே முறையாக நீக்குங்கள். இவ்வளவும் செய்த பிறகும் கணினியே திணறினால், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. (அதைவிட வேகமான சேமிப்புக் கருவி) போடுவதும் ரேமை 8 ஜி.பி. ஆக்குவதும் எந்த பிரவுசர் அமைப்பாலும் தர முடியாத வேகத்தைத் தரும்.

கடைசியாக, பிரவுசருக்கு வெளியே இருந்தாலும் நம் பக்கத்துக்கே உரிய ஒன்றைப் பார்க்க வேண்டும். பாம்பனில் ஒரு கடையில் எல்லா அமைப்பும் சரியாக இருந்தும் பக்கங்கள் நின்று நின்று வந்தன. ரூட்டரிலிருந்து வரும் லேன் வயரை உருவி, அதன் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டுப் பின்களில் இரண்டில் பொன்னிறம் போய்ப் பச்சை பூத்திருந்தது. கடலைப் பார்த்த ஜன்னலை ஒட்டியே வயர் வந்திருந்தது. வாடைக்காற்றில் வந்த உப்பு ஈரம் உலோகத்தைத் தின்றிருந்தது. அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டு, புது கனெக்டர் வைத்து அழுத்திப் பொருத்தி, வயரை உள்சுவர்ப் பக்கமாக மாற்றிக் கொடுத்தேன். நெட்வொர்க் பகுதியில் அதுவரை பாதியில் அறுந்து சிவப்பாக நின்ற வரிகள் மறுபடி வரவில்லை. உங்கள் கடையிலும் அந்த முனையை இன்றே உருவிப் பாருங்கள், தம்பி. பிறகு எக்ஸ்டென்ஷனில் தொடங்கி ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே பக்கத்தை மூன்று முறை ஏற்றி, நெட்வொர்க் பகுதியின் அடியில் ‘லோட்’ என்று காட்டும் நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். காலை 7 மணிக்கு ஒரு முறை, கூட்டமான 11 மணிக்கு ஒரு முறை என்று இரண்டு நாள் குறித்து அனுப்பினால், மிச்சம் இருப்பது கணினியிலா, இணைப்பிலா, எதிர்முனைத் தளத்திலா என்று அந்த எண்களை வைத்தே என்னால் சொல்ல முடியும்.